பழைய பஸ்களைத் தேடலும் செப்பனிடலும்

மக்கள் ஏறிச் சென்ற வாகனங்களுள் பழைமை கருதிப் போற்றப்படுவன சிலவே. அரசர் ஏறிய பல்லக்கும் அம்பாரியும் பொருட்காட்சிச் சாலைகளில் இடம்பெற்றுள்ளன. செல்வர் ஏறிய மோட்டார் காரை அவர் பேரப்பிள்ளைகள் துடைத்து மினுக்கி விழாக்காலங்களில் ஊர்வலம் விடுகின்றனர். உழவரும், மீன்கூடை சுமந்த மகளிரும், பள்ளி செல்லும் சிறாரும், வழக்குக்குச் செல்லும் குடியானவரும் ஒருங்கே ஏறிச் சென்ற பஸ்ஸோ, உழைப்பு ஓய்ந்த அன்றே காயலான் கடைக்கு அனுப்பப்படுகின்றது. அதனை என் பாட்டன் சொத்து என்று உரிமை கொண்டாடுவார் ஒருவரும் இலர். எல்லார்க்கும் உரியதாயிருந்தமையின் ஒருவர்க்கும் உரியதன்றாய் ஒழிந்தது.

இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகுவன மூன்று: பழைய பஸ்கள் ஏன் எஞ்சவில்லை என்பது ஒன்று, எஞ்சியவற்றைத் தேடிக் காணுமாறு எங்ஙனம் என்பது மற்றொன்று, கண்டவற்றைச் செப்பனிடுங்கால் கைக்கொள்ளவேண்டிய நெறி யாது என்பது பிறிதொன்று. காரைக்கால் பகுதியின் வடகோடியில், கடலை அடுத்த மண்டபத்தூரிலிருந்து இதனை எழுதுகின்றோமாதலின், உப்பங்காற்று வீசும் நம் கரைக்கு ஏற்ற செய்திகளையும் இடையிடையே கூறுவோம்.

பஸ் வந்த வரலாறு

தென்னாட்டில் பஸ்ஸின் கதை ஒரு நூற்றாண்டுக்குச் சிறிது மேற்பட்டதேயாம். சென்னைச் சிம்ப்ஸன் கம்பெனியார் 1905ஆம் ஆண்டில் நீராவியால் ஓடும் பஸ் ஒன்றைக் கட்டினர். அது பெஜவாடாவிற்கும் மசூலிப்பட்டணத்திற்கும் இடையே ஓடியது. திருக்குறுங்குடியிற் பிறந்த டி. வி. சுந்தரம் ஐயங்கார் 1912ஆம் ஆண்டளவில் மோட்டார் பஸ் நடத்தத் தொடங்கி, மதுரையை நிலைக்களமாகக் கொண்டு அத்தொழிலை வளர்த்தார். கோயமுத்தூரைச் சார்ந்த ஜி. டி. நாயுடு 1920ஆம் ஆண்டில் ஒரே ஒரு பஸ்ஸுடன் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டத் தொடங்கிப் பின்னர் யு. எம். எஸ். என்னும் பெரிய நிறுவனத்தை நிறுவினார். 1928ஆம் ஆண்டில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் பம்பாயில் வண்டிகளைப் பூட்டி விற்கத் தொடங்கிய பின்பு, சிற்றூர்ச் சாலைகளிலும் பஸ்ஸின் ஊதுகுழல் கேட்கலாயிற்று.

இவ்வண்டிகள் வெறும் யந்திரங்களாக மட்டும் இருந்தில. ஒரே பலகையில் யார் யார் உட்காரலாம் என்னும் வினாவையும் அவை கிளப்பிவிட்டன. ஆதிதிராவிட மக்களை ஏற்றோம் என்று மறுத்த பஸ் முதலாளிகள் அக்காலத்தில் இருந்தனர். 1920களின் இறுதியில் இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராயிருந்த ஊ. பு. அ. சௌந்தரபாண்டியன், அங்ஙனம் மறுக்கும் கம்பெனிகளின் உரிமம் பறிக்கப்படும் என்று ஆணையிட்டார். ஆகவே பழைய பஸ் ஒன்றின் இருக்கை வரிசையும், அதன் பக்கப் பலகையில் எழுதப்பட்ட அறிவிப்பும், பயணச் சீட்டின் பின்புறத்து நிபந்தனைகளும் நாட்டுச் சரித்திரத்தின் சான்றுகளாம். பஸ்ஸை இழப்போமாயின் இச்சான்றுகளையும் உடன் இழப்போம்.

எஞ்சாமைக்குக் காரணங்கள்

முதற் காரணம் வண்டியின் அமைப்பு. பஸ் என்பது ஒன்றுபோற் காணப்படினும் இரண்டு பொருள்களின் கூட்டாகும். அடியில் இருப்பது சேசிஸ் என்னும் இரும்புச் சட்டம். எஞ்சினும், அச்சும், சக்கரமும் அதனைச் சார்ந்தவை. மேலே இருப்பது கூடு. அது பண்டை நாளில் தேக்கு முதலிய மரத்தாற் சட்டமிட்டுத் தகடு போர்த்தித் தச்சராற் கட்டப்பட்டது. சேசிஸ் தேய்ந்தால் கூட்டைக் கழற்றி வேறொன்றில் ஏற்றினர்; கூடு உளுத்தால் புதுக்கூடு கட்டினர்; இரண்டும் பயனற்றபோது பகுதி பகுதியாக விற்றனர். ஆதலின் முதலில் இருந்தவாறே ஒரு பஸ் முழுமையாக எஞ்சுதல் அரிதாயிற்று.

இரண்டாவது காரணம் இரண்டாம் உலகப்போர். பெட்ரோல் கிடையாமற்போன அந்நாளில் பஸ்களின் பின்புறத்தே கரிவாயு உலைகளைப் பொருத்தி ஓட்டினர். கரியைக் குறைந்த காற்றில் எரித்தால் எழும் வாயுவைக் குளிர்வித்து, வடிகட்டி, எஞ்சினுட் செலுத்துவதே அதன் முறை. டி. வி. எஸ். நிறுவனத்தார் இவ்வகை உலைகளைத் தாமே செய்து வழங்கினர். அவ்வுதவியால் பஸ்கள் நின்றுபோகாமல் ஓடின. ஆயினும் சாம்பலும் தாரும் உட்புகுந்து எஞ்சின்கள் விரைவில் தேய்ந்தன. போர் முடிந்ததும் உலைகளைக் கழற்றி எறிந்தனர். அந்நாளைய பஸ்களைக் காட்டிலும் அவ்வுலைகள் இன்று காண்டற்கு அரியன.

மூன்றாவது காரணம் நிர்வாக மாறுதல். 1972ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் பெரிய பஸ் கம்பெனிகளின் தடங்களும் வண்டிகளும் அரசுக் கழகங்களின் கைக்கு வந்தன. நம் காவிரிப் படுகைக்குக் கும்பகோணத்தில் சோழன் போக்குவரத்துக் கழகம் ஏற்பட்டது. மாற்றத்தின் நோக்கம் பொதுநலமே. எனினும் பழைய கம்பெனிகளின் பட்டறைப் புத்தகங்களையும் வரைபடங்களையும் பேணும் கடமை ஒருவர்க்கும் வகுக்கப்படவில்லை.

நான்காவது காரணம் இன்றைய சட்டத்திலுள்ள ஓர் இடைவெளி. மத்திய அரசின் விதிப்படி, அரசுக்கும் அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்கும் உரிய வண்டிகள் 15 ஆண்டு கடந்தால், 1-4-2023 முதல் அவற்றின் பதிவு நீங்கும்; அவை உடைக்கப்படல் வேண்டும். மற்றொரு புறத்தே, 2021ஆம் ஆண்டில் பழம்பெரும் வாகனங்களுக்கெனத் தனிப்பதிவு விதி வகுக்கப்பட்டது. 50 ஆண்டு கடந்து, முதல் வடிவம் மாறாதிருக்கும் வண்டிக்கு வி.ஏ. என்னும் எழுத்துக்களோடு கூடிய எண் தரப்படும். அதற்குக் கட்டணம் ரூ. 20,000. ஆயின் இவ்விதி இருசக்கர வண்டிகளையும் நாற்சக்கரக் கார்களையும் கருதி எழுந்ததேயன்றிப் பஸ்ஸைப் பெயர் சுட்டி அழைத்திலது. 15ஆம் ஆண்டில் உடைபடுவது 50ஆம் ஆண்டின் சிறப்பை அடைவது எங்ஙனம்? புகை கக்கும் வண்டிகளைச் சாலையினின்று நீக்குதல் நன்றே. நூற்றுக்கு ஒன்றையேனும் ஓட்டாது நிறுத்திவைக்க இடம் காணாமையே குறை.

இவற்றோடு, கடற்கரையூர்களுக்கு உரிய ஐந்தாவது காரணம் ஒன்றும் உண்டு, அதுவே உப்பு. மண்டபத்தூர்க் கரையில் வெளியே கிடக்கும் இரும்பு உள்நாட்டு இரும்பினும் விரைவில் துருவேறும். உப்பின் கூறு துருவின் அடியில் தங்கி, மேலே வர்ணம் பூசிய பின்பும் உள்ளிருந்து அரிக்கும். மரத்தையோ கறையான் தின்னும். ஆதலின் நம் பகுதியில் கூரையின்றி நின்ற எப்பழைய வண்டியும் நெடுங்காலம் நில்லாது.

எஞ்சியவை எஞ்சிய விதம்

இத்தனை இடர்களையும் கடந்து சில பஸ்கள் எஞ்சியுள்ளன. அவை எங்ஙனம் தப்பின என்பதை அறிவோமாயின், எவ்விடத்துத் தேடவேண்டும் என்பதும் விளங்கும்.

ஐதராபாத் சமஸ்தானத்தில் 1932ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், நிஜாம் ரயில்வேயின் ஒரு கிளையாகப் பஸ் போக்குவரத்து தொடங்கப்பட்டது. 27 பஸ்களும் 166 ஊழியரும் அதன் முதல். அப்பஸ்கள் ஸ்காட்லாந்து தேசத்துக் கிளாஸ்கோ நகரத்து ஆல்பியன் கம்பெனியில் செய்யப்பட்டவை. நிறுவனத்தின் பெயர் பன்முறை மாறியும் அவ்வாண்டின் ஆல்பியன் பஸ் இன்றளவும் ஐதராபாத்தில் காட்சிப்பொருளாகப் பேணப்படுகின்றது. தலைமுறைதோறும் வந்த அதிகாரிகள் இது நம் முதல் வண்டி என்று கருதி ஒரு மூலையில் இடம் விட்டமையே அது தப்பியதற்கு ஏது. கொட்டகையில் ஓரிடம் கொடுத்தற்கு ஆகும் செலவு சிறிது. விளைந்த பயனோ பெரிது.

இலண்டன் நகரத்துப் பி-வகைப் பஸ்கள் 1910ஆம் ஆண்டில் தோன்றின. முதல் உலகப்போரில் அவற்றுள் பல நூறு வண்டிகள் போர்வீரரை ஏற்றிச் செல்லப் பிரான்ஸ், பெல்ஜிய நாடுகளுக்கு அனுப்பப்பட்டன. திரும்பி வந்தவற்றுள் பி-43 என்னும் ஒன்றை, அப்போரில் பஸ் ஓட்டிய தொழிலாளர் சங்கத்தார் தம்மதாக்கிக் கொண்டு ஆண்டுதோறும் நினைவுநாள் அணிவகுப்பில் ஓட்டிவந்தனர். 1970ஆம் ஆண்டில் அது அந்நகரத்துப் போர்க்காட்சிச் சாலையை அடைந்தது. பயணிகளுக்கு உதவாத வண்டிக்கு வேறொரு கடமை கிடைத்தமையால் அது பிழைத்தது.

இங்கிலாந்தின் சிற்றூர்ப்புறங்களில் வேறு சில பஸ்களின் கூடுகள் தோட்டக் குடில்களாகவும் கோழிக் கூண்டுகளாகவும் பல்லாண்டு பயன்பட்டு, பின்னர் அறிந்தோரால் மீட்கப்பட்டன. கூட்டை ஓரிடத்தும், சேசிஸை வேறிடத்தும், எஞ்சினை மற்றோரிடத்தும் கண்டு, ஒரே வகையைச் சார்ந்த உறுப்புக்களைக் கூட்டி ஒரு பஸ் ஆக்குதலும் அங்கு வழக்கம்.

பம்பாய் நகரத்தில் 1926ஆம் ஆண்டு ஜூலை 15இல் மோட்டார் பஸ் ஓடத்தொடங்கியது. 1937இல் மாடி பஸ் வந்தது. பழைய டீசல் மாடி பஸ்களுள் கடைசி வண்டி 2023 செப்டம்பர் 15இல் ஓய்வு பெற்றபோது, மக்கள் மாலையிட்டு வழியனுப்பினர். ஒன்றிரண்டையேனும் காட்சிச் சாலையில் வைத்தல் வேண்டும் என்று வேண்டுகோளும் எழுந்தது. இறுதி வண்டி நிற்கும் அந்நாளே அதனைக் காத்தற்குரிய நாள் என்பதை இதனால் அறிகின்றோம்.

தேடும் முறை

மேற்கூறியவற்றால், முழுப் பஸ்ஸைத் தேடுவோர் ஏமாறுவர் என்பதும், உறுப்புக்களைத் தேடுவோர்க்கே பயன் உண்டு என்பதும் போதரும். எனவே மாணாக்கர் கீழ்வரும் இடங்களை ஆராய்வாராக.

முதலாவது, பழைய பட்டறைகளின் பின்புறமும், அரிசி ஆலைகளும், செங்கற் சூளைகளும், தோப்புகளும். பழைய எஞ்சின்கள் நீர் இறைத்தற்கும் நெல் அரைத்தற்கும் பயன்பட்டன, கூடுகள் காவற்குடிலாயின, சக்கரமும் அச்சும் இழுவை வண்டிகளுக்குச் சென்றன.

இரண்டாவது, இரும்பில் வெட்டப்பட்ட எண்கள். சேசிஸின் பக்கச் சட்டத்தில் அதன் எண்ணும், எஞ்சின் உடலில் எஞ்சின் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். துருவைச் சுரண்டாது, எண்ணெய் தடவி மெல்லத் துடைத்து, தாளை வைத்து எழுதுகோலாற் தேய்த்தால் எண் தாளிற் படியும். வர்ணமும் பலகையும் பொய்சொல்லும்; இவ்வெண்கள் பெரும்பாலும் மெய்யே கூறும்.

மூன்றாவது, பதிவெண். எம்.எஸ்., எம்.டி. என்று தொடங்கும் பழைய எண்கள் சென்னை என்னும் பெயர் இராச்சியத்திற்கு வழங்கிய காலத்தை நினைவூட்டுவன. டி.என். என்னும் எழுத்துக்களோ 1969ஆம் ஆண்டில் தமிழ்நாடு என்னும் பெயர் வழங்கத் தொடங்கிய பின்னரே வந்திருத்தல் கூடும். காரைக்கால் 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தமையின், அதற்கு முற்பட்ட நம்மூர்த் தாள்கள் பெரும்பாலும் பிரெஞ்சு மொழியில் இருக்கும் என்பதையும் மறத்தலாகாது.

நான்காவதும் தலையாயதும், முதியோர் வாய்மொழி. சாரதிகளாகவும், நடத்துநர்களாகவும், டிங்கர் வேலை செய்தவர்களாகவும், கூடு கட்டிய தச்சர்களாகவும் இருந்தோர் இன்று முதுமையெய்தியுள்ளனர். மரச்சட்டத்தை நீராவியில் வளைத்தது எங்ஙனம், எம்மரம் எவ்வுறுப்புக்கு, குளிர்காலையில் எஞ்சினைக் கைப்பிடியாற் சுழற்றிக் கிளப்புவது எங்ஙனம் என்பவை அவர் கையிலன்றி எந்நூலிலும் முழுதும் எழுதப்படவில்லை. கரூர் முதலிய ஊர்களில் பஸ் கூடு கட்டுந் தொழில் இன்றும் செழித்துள்ளது. ஆயினும் அது இப்போது இரும்புக் குழாயினால் நடைபெறும் தொழில். மரத்தாற் கட்டும் அறிவு அதனுள் அடங்காது. இரும்பைப் பத்தாண்டு கழித்தும் தேடலாம். இவ்வறிவை அங்ஙனம் தேட இயலாது.

செப்பனிடும் முறை

பழைய வண்டி ஒன்று கிடைத்தவுடன் அதனைக் கழுவி, சுரண்டி, பளபளக்கும் வர்ணம் பூசுதலே செப்பனிடல் என்று பலர் கருதுகின்றனர். இஃது பெரும் பிழை. சான்றைத் துடைத்தெறிந்த பின்பு எஞ்சுவது பழைய பஸ்ஸின் பொம்மையேயாகும்.

பழம் வாகனங்களுக்கென உலக அமைப்பார் 2013ஆம் ஆண்டில் வெளிப்படுத்திய தூரின் சாசனம் இவ்விடயத்தில் நல்ல வழிகாட்டி. உள்ளதை உள்ளவாறே காத்தல், மேலும் கெடாதவாறு தடுத்தல், இழந்ததை மீளச் செய்தல் என அது வேறுபடுத்துகின்றது. முன்னிரண்டும் போதுமாயின் மூன்றாவதற்குச் செல்லலாகாது என்பதே அதன் கருத்து. முன்கூறிய 2021ஆம் ஆண்டின் விதியும் முதல் வடிவம் மாறாமையையே வேண்டுதல் ஈண்டு நோக்கத்தக்கது.

ஆகவே முதற்கண், ஓர் ஆணியையும் கழற்றுமுன் வண்டியின் எப்பக்கத்தையும் படம்பிடித்து, உறுப்புக்களுக்கு எண்ணிட்டு, நோட்டுப் புத்தகத்தில் எழுதுக. பின்னர் வர்ணத்தை ஒரு சிறு சதுரத்தில் மட்டும் அடுக்கடுக்காகத் தேய்த்துப் பார்க்க. அடியில் பழைய கம்பெனியின் பெயரோ, ஊர்ப் பட்டியலோ, ஓர் அறிவிப்போ வெளிப்படலாம். அது கண்ணுக்கு இனியதாயினும் இன்னாததாயினும் மறைக்கற்க.

உப்பேறிய இரும்புக்குத் தனி மருந்து வேண்டும். நம் மீனவர் கடலினின்று மீண்டதும் படகின் எஞ்சினை நன்னீராற் கழுவி எண்ணெய் பூசுதலை நாடோறும் காண்கின்றோம். அதே நெறியே ஈண்டும் வேண்டும்: உப்பு முற்றும் நீங்குமாறு நன்னீரிற் பன்முறை ஊறவைத்துக் கழுவி, உலர்த்தி, அதன் பின்னரே துருத்தடுப்பு வர்ணம் பூசுதல் வேண்டும். இறுகிப்போன எஞ்சினை வலிந்து சுழற்றலாகாது. எண்ணெயைச் சிலிண்டர்களில் ஊற்றிப் பல நாள் ஊறவிட்டுக் கையால் மெல்ல அசைத்துப் பார்த்தல் வேண்டும். மரச்சட்டத்தில் உளுத்த பகுதியை மட்டும் அறுத்தெடுத்து, அதே இனத்துப் புதுமரத்தைச் சாய்வெட்டில் இணைத்தல் வேண்டும். முழுச்சட்டத்தையும் மாற்றுதல் கூடாது. புதிதாய்ச் சேர்த்த ஒவ்வோர் உறுப்பிலும், மறைவானதோர் இடத்தில், சேர்த்த ஆண்டைப் பொறித்தல் வேண்டும். பின்வருவோர் பழையதையும் புதியதையும் பிரித்தறிய அஃது உதவும்.

திருவாரூர்த் தேரின் மரமும் சக்கரமும் மாறியுள்ளன. திருச்சிப் பாரத மிகுமின் நிறுவனத்தாரின் நீரழுத்தத் தடைகள் அதிற் பொருத்தப்பட்டும் உள்ளன. ஆயினும் அதனைப் பழைய தேரென்றே வணங்குகின்றனர். அதுபோலப் பஸ்ஸையும் முற்றும் மாற்றினால் என்ன என்று ஒருவர் வினாவலாம். தேர் இன்றும் ஓடுவதற்கென உள்ளது. ஓட்டம் இடையறாமையே அதன் உயிர். பழைய பஸ்ஸின் ஓட்டம் நின்றுவிட்டது. அது இனிச் சான்று கூறுதற்கென உள்ளது. சான்று கூறுவது அதன் பழைய மரமும் இரும்புமே. ஆதலின் இரண்டிற்கும் நெறி வேறு. வண்டியை ஓட்டியே காட்டவேண்டுமாயின் தடைகளையும் சக்கர உறைகளையும் மட்டும் பத்திரமாகச் செய்து, செய்ததை எழுதி வைக்க.

இத்தொழில் நம்மால் இயலுமோ என்று ஐயுறவேண்டா. 1855ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் செய்யப்பட்டு, 1909இல் ஓய்வு பெற்று, நூறாண்டுக்கு மேல் காட்சிப்பொருளாய் நின்ற இ.ஐ.ஆர். 21 என்னும் நீராவி எஞ்சினைச் சென்னைப் பெரம்பூர்ப் பட்டறைத் தொழிலாளர் 2010ஆம் ஆண்டில் மீண்டும் ஓடச் செய்தனர். கைத்திறனுக்கு நம் நாட்டிற் குறைவில்லை; காக்கவேண்டும் என்னும் கருத்தே வேண்டற்பாலது.

நாம் செய்யத்தக்கது

மாணாக்கர் பஸ் ஒன்றை விலைக்கு வாங்கிச் செப்பனிடல் எளிதன்று. ஆயினும் பொருட்செலவின்றிச் செய்யத்தக்கன சில உள. விடுமுறையில் ஊர் செல்வோர், தத்தம் ஊரில் ஓய்வு பெற்ற சாரதி, நடத்துநர், தச்சர் எவரேனும் உளரோ என வினாவி, அவர் கூறுவதை அவர் சொல்லிலேயே பதிவு செய்க. வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பயணச் சீட்டு, பஸ் நின்ற புகைப்படம், கம்பெனி நாட்காட்டி ஆகியவற்றை எறியாது வைக்க. தோப்பிலோ பட்டறையிலோ பழைய சேசிஸ் ஒன்றைக் காணின், அதன் எண்ணைத் தாளில் தேய்த்தெடுத்து, கண்ட இடத்தையும் நாளையும் எழுதி வைக்க. உரியவர் இசைவின்றி ஓர் ஆணியையும் எடுத்தலாகாது.

மண்டபத்தூரின் மேற்கே செல்லும் நெடுஞ்சாலையில் இன்று ஓடும் பஸ்களும் ஒருநாள் பழையன ஆகும். அவற்றுள் ஒன்றையேனும் 15ஆம் ஆண்டில் உடைக்காது, கூரையுள்ள கொட்டகையில் நிறுத்தி வைக்குமாறு போக்குவரத்துக் கழகத்தாரை வேண்டி விண்ணப்பம் எழுதுதல் கல்லூரி மாணாக்கர்க்கு ஏற்ற செயலே. இன்னும் 35 ஆண்டு கழித்து அக்கொட்டகையின் கதவைத் திறப்பவர் யாவராயினும், தம் பாட்டனும் பாட்டியும் எங்ஙனம் அமர்ந்து, யாரோடு அமர்ந்து, எவ்வூர்க்குச் சென்றனர் என்பதைக் கண்ணாற் கண்டு, கையாற் தொட்டு அறிவர்.